சுவரிலா, குடியிலா?

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் உள்ள கடைவீடுகளைக் காக்க வேண்டும் என்பதில் இன்று எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கீழே கடை, மேலே குடித்தனம், தெருவோரம் வெயிலும் மழையும் படாமல் நடக்க அஞ்சடி, நடுவில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் திறந்த முற்றம் என்று அமைந்த இந்த வரிசைகளையும் முன்னிட்டே யுனெஸ்கோ 2008-ல் மலாக்காவோடு இந்நகரையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் காக்கப்பட வேண்டியது எது என்ற கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை. ஒரு கட்டடத்தின் உயிர் அதன் சுண்ணாம்பிலும் மரத்திலும் இருக்கிறதா, அதில் பிழைப்பு நடத்துகிறவர்களிடம் இருக்கிறதா? குடியிருப்போரை வெளியேற்றிவிட்டுச் செய்யும் பாதுகாப்பு, எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் பாதுகாப்பு ஆகாது என்றே நான் கருதுகிறேன்.

ஜார்ஜ்டவுனே இதற்குச் சான்று. 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுக்குள் வைத்திருந்தது. 1997-ல் அது நீக்கப்பட்டு, 2000 பிறந்தபோது கட்டுப்பாடு முற்றிலும் போனது. வாடகை ஏறியது, தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. காலியான வீடுகள் சிலவற்றில் ஜன்னல்களை அடைத்து, ஒலிப்பதிவால் வரவழைத்து, உண்ணத்தக்க கூடு கட்டும் குருவிகளை வளர்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே கூரை, அதே தூண். உள்ளே எச்சமும் ஈரமும் இருட்டும். பொருள்தான் மரபு என்றால், அந்த வீடுகளையும் பாதுகாக்கப்பட்டவை என்றே சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்ல மனம் ஒப்புமா?

நம் சமயமரபு இதை நெடுங்காலமாகத் தெளிவாகவே கையாண்டு வருகிறது. கோயில் திருப்பணி தொடங்குமுன் மூலவரின் சக்தியைக் கலசத்துக்கோ அத்திப் பலகையில் வரைந்த உருவுக்கோ மாற்றிப் பாலாலயம் செய்கிறோம். கோபுரத்துச் சுதை புதிதாகிறது, வண்ணம் மாறுகிறது. பூசை மட்டும் ஒருநாளும் நிற்பதில்லை. ஜப்பானின் இசே ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய மரத்தால் பக்கத்து மனையில் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-ல் கட்டினார்கள். மரம் மாறியதால் ஆலயம் வேறாகிவிட்டதென்று அங்கே வழிபடுவோர் எண்ணுவதில்லை. பொருள் மாறலாம், தொடர்ச்சி அறுபடக் கூடாது என்பதே இரண்டிலும் உள்ள நெறி. கடைவீட்டுக்கு அதைப் பொருத்தினால், பழுதுபார்க்கும் காலத்தில் குடியிருப்போருக்கு மாற்றிடமும், வேலை முடிந்ததும் தாங்கும் வாடகையில் திரும்பிவரும் உரிமையும் வேண்டும். கூரை ஓட்டின் நிறத்துக்கு விதி வகுப்பவர்கள் இதை விதியாக்காதது எனக்கு வேதனை தருகிறது.

வீட்டு உரிமையாளரின் எதிர்வாதம் வலுவானது. அற்ப வாடகையில் பல பத்தாண்டுகள் கட்டுண்டிருந்தவர் கூரை ஒழுகலை எப்படிச் சரிசெய்வார்? இது உண்மை, அந்தச் சட்டம் ஊரார் அனைவரின் பொறுப்பையும் ஒருவர் தலையில் ஏற்றியது. ஆகவே பழுதுபார்க்கும் செலவைப் பொதுநிதி பகிர வேண்டும். பட்டியலின் பெருமை ஊருக்கு என்றால் சுமையும் ஊருக்குத்தான். இன்னொரு வாதம் நிலையாமை பற்றியது: எல்லாமே அழியும், வீட்டைப் பற்றிக்கொண்டு அழுவானேன்? நாலடியார் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையைச் சொல்லி முடித்ததும் அறன் வலியுறுத்தலுக்குச் செல்கிறது. உடல் அழியும் என்பதால் எவரும் நோயாளியைக் கைவிடுவதில்லை. வீடு அழியும் என்பதும் அதில் வாழ்பவரைத் தெருவில் விடக் காரணமாகாது. கடைக்காரரின் பிள்ளைகளே தொழிலை விரும்பாவிட்டால்? போகட்டும். தாமே விரும்பிச் செல்வது வேறு, விரட்டப்படுவது வேறு. எவரையும் காட்சிப்பொருளாகக் கட்டிவைக்க நான் கேட்கவில்லை.

இந்நகரில் கடைவீடுகள் பல தனியாருடையவை அல்ல. சீனக் குலச் சங்கங்களுக்கும், கோயில்களுக்கும், 1801-ல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் போன்றவற்றின் வக்பு என்னும் அறக்கொடைக்கும் உரியவை. வக்பு சொத்தை விற்க முடியாது. அதன் பயன் கொடுத்தவர் கருதிய நன்மைக்கே சேர வேண்டும். சந்தை வாடகையே இலக்கு என்று வாழாத அறநிலையங்கள் இவை. திரும்பிவரும் உரிமையைக் குத்தகைப் பத்திரத்தில் முதலில் எழுத வேண்டியவர்களும் இவர்களே.