விடத் தெரிந்த துகள்

கிண்டியிலிருந்து அடையாறு போகும் சர்தார் படேல் சாலையிலேயே அண்ணா பல்கலைக்கழகமும் இருக்கிறது, புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிடிவாதத்தால் உருவான மருத்துவமனை அது. கீமோ ஏற்றிக்கொண்டவர்களுக்கு முடி ஏன் கொட்டுகிறது என்பதை அங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தத்தில் கலந்த மருந்து உடலெங்கும் ஓடுகிறது. வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் தாக்குகிறது. கட்டி, முடிவேர், குடலின் உட்சுவர் என்று பார்ப்பதில்லை.

மருந்தைச் சுமந்துபோய் உரிய இடத்தில் இறக்க ஒன்று வேண்டும். அது எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்தது வேடிக்கைதான். 1992இல் மோபில் நிறுவன ஆய்வாளர்கள் எம்.சி.எம்-41 என்ற சிலிக்காவை அறிவித்தார்கள். சோப்பு வகை மூலக்கூறுகள் நீரில் உருளைகளாகத் திரளும். அவற்றைச் சுற்றிச் சிலிக்கா படியும். 500 டிகிரிக்கு மேல் சுட்டால் சோப்பு எரிந்துபோய்த் தேன்கூடு போன்ற துளைகள் மிஞ்சும். ஒவ்வொரு துளையும் சில நானோமீட்டர் அகலம். 1 கிராம் பொடிக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது நாலரை கிரவுண்டு. தி.நகரில் அதற்கு என்ன விலை என்று கேட்டுவிடாதீர்கள்! 2001இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் இந்தத் துளைகளில் இபுப்ரோஃபென் மருந்தை ஏற்றிக் காட்டினார்கள்.

என்னை நிறுத்தியது 2004இல் வந்த ஓர் ஆய்வு. அண்ணா பல்கலைக்கழகத்தின் வி. முருகேசன், அஜயன் வினு, ஜெர்மனியின் ஹார்ட்மன் மூவரும், முட்டை வெள்ளையிலும் கண்ணீரிலும் உள்ள லைசோசைம் என்ற புரதத்தை இத்தகைய துளைகளில் ஏற்றினார்கள். சிலிக்காவுக்கு எதிர்மின்னூட்டம், புரதத்துக்கு நேர்மின்னூட்டம். ஈர்ப்பு கூடினால் அதிகம் ஏறும் என்றுதான் நினைப்போம். நடந்தது வேறு. கரைசலின் காரத்தன்மை ஏறி, புரதத்தின் மின்னூட்டம் ஏறக்குறையப் பூஜ்யமாகும் இடத்தில்தான் மிக அதிகமாக ஏறியது. ஒன்றையொன்று தள்ளாததால் மூலக்கூறுகள் நெருங்கி உட்கார்ந்தன. இறுக்கிப் பிடித்ததால் அல்ல, உள்ளே சச்சரவு குறைந்ததால் இடம் கிடைத்தது.

சுமப்பது என்றாலே இறுகப் பற்றுவது என்று நாம் பழகியிருக்கிறோம். பிடி தளர்ந்தால் மருந்து வழியிலேயே கசியும் என்பது உண்மைதான். ஆனால் பிடி மிஞ்சினால் கட்டிக்குள் போயும் மருந்து வெளியே வராது. அத்தனை பாடும் வீண். அதனால்தான் துளைவாயில் மூடி வைத்து, செல்லுக்குள் அமிலம் கூடும் இடத்தில் அது திறக்கும்படி ஆய்வாளர்கள் செய்து பார்க்கிறார்கள். சுமப்பவனின் தகுதி எவ்வளவு தாங்கினான் என்பதில் பாதிதான். எங்கே விட்டான் என்பதில்தான் மீதி.

இறக்கியபின் சுமந்ததும் போய்விட வேண்டும். மருந்து சுமக்க அனுப்பும் தங்கத் துகள் கல்லீரலில் நெடுநாள் தங்கிவிடுகிறது. சிலிக்கா மெல்லக் கரைந்து, சிலிசிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறும். துளை மிகுந்த துகள் சீக்கிரம் கரையும், அடர்ந்தது தாமதிக்கும். மருந்து இறங்கும் முன்பே துகள் கரையாமலும், இறங்கியபின் தங்கிவிடாமலும் அந்த வேகத்தை அமைப்பது எப்படி என்றுதான் ஆய்வுக்கூடங்களில் இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.