சாதனையும் ஏற்பும்: ஓட்டிசம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் ஒருவனைச் சமுதாயம் தன்னுள் ஒருவனாக ஏற்றுக்கொள்வது அவன் ஆற்றிய செயலின் பொருட்டா, அன்றி அவன் மனிதன் என்பதன் பொருட்டா? அறவியலார் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினா, ஓட்டிசம் உடைய பிள்ளைகளின் வாழ்வை நோக்குமிடத்துப் புதிய கூர்மை பெறுகின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2008 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஓட்டிச விழிப்புணர்வு தினமாக அனுட்டிக்கப்படுகின்றது. அந்நாளில் ஓவியம் தீட்டும் சிறுவனும் இசையிலே தேர்ந்த சிறுமியும் மேடையேற்றப்படுகின்றனர். அது மகிழ்தற்குரியதே. ஆயினும், மேடையேறுதற்கு எத்திறனும் வாய்க்கப்பெறாத பிள்ளைக்கு அச்சபையில் எவ்விடம் என்னும் வினா எஞ்சிநிற்கின்றது.

இவ்வினாவை ஓர் ஊரின்கண் வைத்து நோக்குதல் பயன்தரும். அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்திலே, ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்தது பாலமுனை. கிழக்கே கடலும் மேற்கே நெல்வயலும் கொண்ட இந்த முஸ்லிம் ஊரின் அண்டையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. கல்வியால் உயரலாம் என்னும் நம்பிக்கை இக்கரையோர ஊர்களில் ஆழ வேரூன்றியது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையிற் சித்தியெய்திய மாணவரின் படங்கள் வீதியோரப் பதாகைகளில் இடம்பெறுகின்றன. பல்கலைக்கழகம் புகுந்தோர் பாராட்டப்படுகின்றனர். திருக்குர்ஆனை மனனஞ் செய்து முடித்தோருக்குப் பட்டமளிப்பு நிகழ்கின்றது. சாதனையைப் போற்றும் இவ்வழக்கம் பலரை உயர்த்தியுள்ளது. ஆனால், பதாகையில் என்றும் இடம்பெற முடியாத பிள்ளையின் தாயும் அதே வீதியாற் செல்ல வேண்டியவளே.

ஓட்டிசம் தொற்றும் பிணியன்று. மூளையின் வளர்ச்சி வேறொரு நெறியில் அமைவதால் உண்டாகும் நிலை. பேச்சு, பிறரோடு பழகுதல், ஓசையையும் ஒளியையும் தாங்குதல் ஆகியவற்றில் அது ஆளுக்காள் வேறுபட்டுத் தோன்றும். சிலர் பட்டம் பெறுவர். சிலர் வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லும் பேசார். இலங்கையில் மேற்கொள்ளப்பட்டு 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, 18 தொடக்கம் 24 மாதம் வரையான குழந்தைகளுள் 93 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் இந்நிலை காணப்பட்டதாகக் கூறியது. ஆகவே எவ்வூரும் இதற்குப் புறம்பானதன்று. காரணம் அறியப்படாதவிடத்துக் கண்ணூறு என்றும் வளர்ப்பின் குறை என்றும் சொல்லப்பட்டு, பழி தாயின்மீது விழுகின்றது. மேனாட்டறிஞரும் இத்தவற்றினின்று நீங்கியவரல்லர். தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்து, பேர்னாட் றிம்லண்ட் 1964இல் தமது நூலின் வாயிலாக மறுத்த பின்னரும் அங்கே சில காலம் நிலைத்தது.

பிறப்பின் பெறுமதியைப் பயனால் அளக்கும் நோக்கு மிகப் பழையது. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், கூன், ஊமை, செவிடு முதலிய எண்வகைக் குறையுடைய பிறப்புக்களைத் தொகுத்துரைத்து, அவற்றால் ஊதியம் இல்லை என அறிந்தோர் முன்னரே கூறினர் என்கின்றார். சோழன் நலங்கிள்ளிக்கு அறமுரைப்பதே அவர்தம் நோக்கம். எனினும் அவ்வறவுரையின் அடியிற் கிடக்கும் அளவுகோல் பயன் என்பதே. அவ்வளவுகோல் எவ்வெல்லை வரை செல்லக்கூடும் என்பதை இருபதாம் நூற்றாண்டில் வியன்னா நகரம் காட்டிற்று. ஓட்டிசத்தை முதலில் விவரித்தோருள் ஒருவராகிய மருத்துவர் ஹான்ஸ் அஸ்பேர்கர், 1944இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய சிறுவர் சிலரின் கூர்த்த மதியைப் புகழ்ந்து, அவர்கள் சமுதாயத்துக்குப் பயன்படுவர் என வாதிட்டார். அவரே, கடுங்குறைபாடு உடையோர் எனக் கருதப்பட்ட பிள்ளைகள் சிலரை ‘அம் ஷ்பீகல்குறுண்ட்’ என்னும் நிலையத்துக்கு அனுப்பினார் என்பதை 2018இல் ஹேர்விக் செக் வெளியிட்ட ஆவண ஆய்வு புலப்படுத்தியது. நாஸி ஆட்சிக்காலத்தில் அந்நிலையத்தில் ஏறத்தாழ 800 பிள்ளைகள் உயிரிழந்தனர். திறமை ஒருவனைக் காக்கும் கேடயமாயின், திறமையில்லாதவன் கேடயமின்றியே நிற்பான்.

இதனால் சாதனையைப் போற்றுதலே தவறு என்று கொள்ளுதல் பொருந்தாது. எதனையும் எதிர்பாராத அன்பு வெறும் இரக்கமாகச் சுருங்கிவிடும். ‘இவனால் இயலாது’ என்று வீட்டினுள் வைத்துக் காக்கப்படும் பிள்ளை உணவும் உடையும் பெறலாம்; ஆனால் தன் சொந்த வீட்டிலும் விருந்தினனாகவே வாழ்வான். எனவே வேண்டப்படுவது ஏற்பு, சாதனை என்னும் இரண்டனுள் எது முந்தியது என்னும் தெளிவேயாகும்.

இத்தெளிவைத் தருவது டொனால்ட் டிரிப்லெற் என்பாரின் வரலாறு. 1943இல் லியோ கன்னர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முதலாவதாக விவரிக்கப்பட்டவர் அவரே. அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்துச் சிற்றூரொன்றிற் பிறந்த அவர், மூன்று வயதில் மருத்துவரின் ஆலோசனைப்படி நிலையமொன்றிற் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டின் பின் பெற்றோரால் மீட்டழைக்கப்பட்டார். பின்னர் அயலில் வாழ்ந்த உழவர் தம்பதியர் அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டனர். சிறுவன் சோளவரிசைகளை ஓயாது எண்ணியபோது அவர்கள் அதனைத் தடுத்திலர். உழுதுகொண்டே எண்ணுமாறு கலப்பையைக் கையிற் கொடுத்தனர். அளத்தலில் அவனுக்கிருந்த பற்றினைக் கண்டு, கிணறு தோண்டச் செய்து அதன் ஆழத்தை அளந்து கூறப் பணித்தனர். கிராமத்துப் பாடசாலையும் அவனது இயல்புகளைப் பொறுத்து ஏற்றது. அச்சிறுவன் 1958இற் பட்டம் பெற்று, தன் ஊரின் வங்கியிற் பணியாற்றி, ஊரார் நட்பில் வாழ்ந்து, 2023இல் 89ஆம் வயதில் மறைந்தார். அந்த 11 பேரையும் 1971இல் மீளாய்ந்த கன்னர், அரச மனநல நிலையங்களிற் சேர்க்கப்பட்டோருக்கு அது ஆயுட்டண்டனை போலாயிற்று எனக் கருதினார். கலப்பை கையிற் கொடுக்கப்பட்ட பொழுது டொனால்ட் எதனையும் சாதித்திருக்கவில்லை. இடம் முதலில் தரப்பட்டது. சாதனை அதன்பின் வந்தது.

அவ்வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தினது அன்றோ, வறியவன் மகனுக்கு இது கூடுமோ என வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் கலப்பையைக் கொடுத்தது வங்கியன்று. ஓர் உழவனின் கூர்ந்த நோக்கு. நெல்லும் மீனும் வாழ்வாதாரமாகவுள்ள பாலமுனை போன்ற ஊரில் அதற்கு இடமில்லாமற் போகாது. நெல் மூடைகளை எண்ணுதலும், வலையிற் கிழிந்த கண்களைத் தேடிக் காணுதலும், பாடசாலை நூலகத்தில் நூல்களை வரிசையிட்டு வைத்தலும் ஒருவனுக்குச் சலிப்பூட்டலாம். மற்றொருவனுக்கு அவையே மனநிறைவு தரலாம்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மணமாகும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் நிலவுவதால், தாயும் பாட்டியும் தாயின் சகோதரியரும் அண்டை வளவுகளில் வாழ்கின்றனர். ஓட்டிசம் உடைய பிள்ளைக்கு இது பெரும்பேறு; தாங்குதற்குப் பல கைகள் உண்டு. எனினும் தாய்வழிப் பெண்டிரின் கைகள் உள்ளன என்பதனால் ஊர் தன் கையை மடக்கிக்கொள்ளுதல் அறமாகாது. ‘எனக்குப் பின் இவனுக்கு யார்?’ என்று ஒவ்வொரு தாயும் கேட்கும் கேள்விக்கு உறவினர் மட்டும் விடையாக முடியாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையங்களில் அனுமதி மறுத்தலைத் தடுக்கின்றது. இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. சட்டம் வகுப்பறையின் கதவைத் திறக்கலாம். உள்ளே அமர்ந்திருக்கும் பிள்ளை தன் அருகே இடம்விடுவது சட்டத்தால் ஆவதன்று.

அவ்விடம் விடுதலுக்குரிய முன்மாதிரி இவ்வூரார் நாள்தோறும் ஓதும் வேதத்திலேயே உண்டு. குலத்தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்த வேளையில் வந்த கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் பொருட்டு நபிகளாருக்கே அறிவுறுத்தல் வந்த செய்தி, ‘அபஸ’ என்னும் 80ஆம் அத்தியாயத்தோடு இயைத்துக் கூறப்படுகின்றது. அதன்பின் அவர் இரக்கத்திற்குரியவராக ஓரத்தில் இருத்தப்படவில்லை. தொழுகைக்கு அழைக்கும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. நபிகளார் வெளிச்சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பும் பலமுறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. செவிசாய்த்தல் முதலிலும், பொறுப்பளித்தல் அதன்பின்னும் நிகழ்ந்தமை ஈண்டு மனங்கொளத்தக்கது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், ஏற்பு சாதனைக்கு அளிக்கப்படும் பரிசன்று, சாதனை முளைத்தற்குரிய நிலம் என்பது பெறப்படும். நிலம் எல்லா வித்துக்கும் பொது. விளைவு வித்துக்கு வித்து வேறுபடும். ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் புகலாம்; இன்னொரு பிள்ளை பன்னிரண்டாம் வயதில் முதன்முறையாகத் தன் தாயை ‘உம்மா’ என்று அழைக்கலாம். முன்னதைப் போற்ற அறிந்த ஊர், பின்னதையும் போற்ற அறியும்போதே அதன் கொண்டாட்டம் முழுமை பெறும். ஒரு சொல்லும் சொல்லாத மூன்றாவது பிள்ளைக்கும் அவ்வவையில் இருக்கை ஒன்று இருத்தல் வேண்டும். ஏனைய இரு பிள்ளைகளின் இருக்கைகளும் உரிமையாக நிலைபெறுவது அதனாலேயே.