கூலியும் கள்ளாமையும்

ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் ஆண் பறித்த பழத்தையும் பெண் பறித்த பழத்தையும் நிறுக்கத் தனித்தனித் தராசு இல்லை. கூலிக்கு மட்டும் அவ்வேறுபாடு பொருந்துமா?

ஒரே வேலைக்கும் அதனை ஒத்த வேலைக்கும் இருபாலர்க்கும் ஒரே ஊதியம் என 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் விதித்தது. அவ்விதி பின்னர் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது. பெண் சுருக்கெழுத்தாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், வசதியின்மை என்பது குறைத்துக் கொடுக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது.

நமக்கோ இது சட்டத்திற்கும் முந்தைய செய்தி. கள்ளாமை அணுவிரதத்திற்கு உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் கூறும் ஐந்து குற்றங்களுள், கொள்ள ஓர் அளவும் கொடுக்க ஓர் அளவும் வைத்தல் ஒன்று. அரசின் முறைக்கு மாறாக நடத்தல் மற்றொன்று. உழைப்பைப் பெரிய படியால் வாங்கிக் கூலியைச் சிறிய படியால் அளப்பவர் இரண்டையும் ஒருங்கே செய்கின்றார். எறும்புக்கு வழிவிட்டு நடக்கும் நம்மவர் இதனை எண்ணுவதுண்டா?

வந்தவாசிப் பக்கம் நிலமுடையோர் சிலர், “ஆண் செய்வது வேறு வேலை, பெண் செய்வது வேறு வேலை, எப்படி ஒப்பிடுவது?” என்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் வரப்பு வெட்டுபவரின் நாளுக்கு ஒரு விலையும், பகலெல்லாம் சேற்றில் குனிந்து நாற்று நடுபவளின் நாளுக்கு அதனிற் குறைந்த விலையும் எவர் நிறுத்துக் கண்டது? ஊர் வழக்கம் என்கின்றனர். விரதம் ஏற்கும்போது ஊர் வழக்கத்திற்கு விலக்குக் கேட்பாரில்லையே! ‘அப்படியாயின் ஆண்களின் கூலியைக் குறைத்துச் சமன் செய்வோம்’ என்பார்க்கும் வழியில்லை. அதனையும் சட்டம் தடுத்திருக்கிறது.