பூச்சுக்குள் இருக்கும் மதில்



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு குடும்பத் தலைவர் கோபத்தோடு என்னிடம் வந்தார். "சுவாமி, அந்த மேசனை நீங்கள்தான் கூப்பிட்டுக் கேட்க வேணும். அவரும் இந்தக் கோவிலுக்குத்தானே வாறவர்" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய வளவைச் சுற்றி முன்பு கிடுகு வேலி இருந்தது. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்தில் அதை எடுத்துவிட்டு மதில் கட்டினார். கட்டி நாலு மாதமாகவில்லை. மூன்று இடங்களில் வெடித்துவிட்டது. பூச்சு கை பட்டாலே உதிர்கிறது. ஒழுங்கைப் பக்கத்து மதில் வெளியே சரிந்து நிற்கிறது. கூலியில் கடைசிப் பங்கை இனிக் கொடுப்பதில்லை என்று இவர் சொல்கிறார். கூலி வராமல் அந்தப் பக்கம் காலடி வைப்பதில்லை என்று மேசன் சொல்கிறார். இருவரும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள். சமாதானம் தெரிவிக்கும் நேரத்தில் ஆளையாள் பாராமல் கைகூப்பிவிட்டுப் போகிறவர்கள்.

நான் மேசனை உடனே கூப்பிடவில்லை. எங்கள் பங்கில் வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் ஒரு முதிய மேசனை அழைத்துக்கொண்டு மதிலைப் பார்க்கப் போனேன். அந்த ஐயா ஒரு வார்த்தையும் பேசாமல் நூலிலே குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். ஆறடி உயரத்துக்குள் ஒன்றரை அங்குலச் சரிவு. பிறகு ஒரு திறப்பை எடுத்துக் கல்லிடுக்கைச் சுரண்டினார். சீனி கொட்டுவதுபோலச் சாந்து கொட்டியது. மதிலின் அடியிலே பூத்திருந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு மண்" என்றார்.

அதன்பின் அவர் எனக்கு நடத்திய பாடத்தை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். மதில் கட்டுகிறவர்களுக்கு உதவும். ஒரு பை சீமெந்துக்கு அளவுபெட்டியால் ஆறு பெட்டி மண் போதும். இங்கே பத்துக்குக் குறையாது. தண்ணீர் விட்டுக் குழைத்த சாந்து ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் இறுகத் தொடங்கும். காலையில் குழைத்ததை மத்தியானம் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்கிப் பூசினால் அதில் உயிர் இராது. கட்டிய மதிலை ஒரு கிழமையாவது காலையும் மாலையும் நனைக்க வேண்டும். வெயிலில் காயவிட்டால் சீமெந்து பலம் பிடிக்காது. இடையிடையே தூண் வேண்டும். இந்த நீள மதிலில் மூலைகளைத் தவிர வேறெங்கும் தூண் இல்லை. சரிந்த பக்கத்தில் மண்ணைக் கிண்டிப் பார்த்தபோது, பழைய வேலியில் நின்ற பூவரசின் அடிக்கட்டை அத்திவாரத்துக்குக் கீழே அப்படியே உக்கிக் கிடந்தது. அதற்கு மேலேதான் கல் வைத்திருக்கிறார்கள்.

"இவ்வளவையும் பூச்சு மூடிப்போட்டுது, சுவாமி" என்றார் ஐயா.

எனக்கு எசேக்கியேல் இறைவாக்கினர் நினைவுக்கு வந்தார். அவருடைய நூலின் 13ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். சனங்கள் உறுதியற்ற ஒரு சுவரை எழுப்புகிறார்கள். பொய்யான தீர்க்கதரிசிகள் அதற்கு வெள்ளை பூசி அழகாக்குகிறார்கள். மழையும் கல்மழையும் புயலும் வருகின்றன, சுவர் விழுகிறது. பூசிய பூச்சு எங்கே என்று அப்போது எல்லோரும் கேட்பார்களாம். ஆமோஸ் இறைவாக்கினரோ, ஆண்டவர் கையில் தூக்குநூலோடு மதிலருகே நிற்பதைக் கண்டார். ஆண்டவரின் கையில் வாளைக் காண்பதைவிட எனக்கு இந்தக் காட்சிதான் அதிக பயத்தைத் தருகிறது. தூக்குநூல் கோபிக்காது, சத்தம் போடாது; சும்மா தொங்கும். கோணல் தானாகத் தெரியும்.

இந்த இடத்தில் வீட்டுக்காரர் மிகவும் திருப்தியடைந்தார். "கண்டியளே சுவாமி!" என்றார். ஆனால் ஐயா விடவில்லை. "தம்பி, இந்த மண்ணை ஆர் பறிப்பிச்சது?" என்று கேட்டார். மண் வாங்கியவர் வீட்டுக்காரர். மலிவாகக் கிடைத்த கடற்கரை மண். தூண் வேண்டாம், செலவு கூடும் என்று சொன்னவரும் அவரே. மகளின் முதல் நன்மைக்கு முன்னர் பூச்சும் முடிய வேண்டும் என்று அவசரப்படுத்தியவரும் அவரே. மேசனிடம் குற்றமில்லையா? நிச்சயமாக உண்டு. அவர் முற்பணம் வாங்கிக்கொண்டு, இரண்டு பொடியன்களைக் கலவை குழைக்க விட்டுவிட்டு, அதே நாட்களில் வேறொரு வீட்டிலும் வேலை எடுத்திருந்தார். கடற்கரை மண் கூடாதென்று அவருக்குத் தெரியும். சொன்னால் வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்தார்.

பிரியமானவர்களே, ஏழாம் கட்டளையை நாம் எவ்வளவு சுருக்கி வைத்திருக்கிறோம்! பிறர் வீட்டில் தேங்காய் பிடுங்கினால் களவு. சீமெந்தில் நாலு பெட்டி மண்ணைக் கூட்டினால் அது கெட்டித்தனம். 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஏழாம் கட்டளைக்கு எதிரானவற்றை எடுத்துரைக்கும்போது, வரி ஏய்ப்பு, காசோலை மோசடி ஆகியவற்றோடு ஒரே வரிசையில் மோசமாகச் செய்த வேலையையும் வைத்திருக்கிறது. அதே நூல் நீதியான கூலியைக் கொடுக்க மறுப்பதையும் பாரதூரமான அநீதி என்கிறது. 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரும், நியாயமாகப் பேசிக்கொண்ட வேலையை முழுமையாகவும் உண்மையாகவும் செய்வது தொழிலாளியின் கடமை என்றும், உரிய கூலியைக் கொடுப்பது முதலாளியின் கடமை என்றும் படிப்பித்தார். இதில் ஒரு பாதியை மேசன்மாரும் மறு பாதியை வீட்டுக்காரரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அவரவர் தமக்கு வேண்டிய பாதியையல்ல, மற்றவருக்கு வேண்டிய பாதியை.

இன்னொன்று. களவுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கிடைத்தாலும், ஈடுசெய்யும் கடமை போய்விடாது. மதில் விஷயத்தில் ஈடு என்றால் என்ன? மூன்று செபம் சொல்வதா? மதிலைத்தான் திருத்த வேண்டும்.

இவர்கள் இருவரும் வழக்கை மனதுக்குள் நடத்திக்கொண்டிருந்தபோது, இருவருமே யோசியாத ஒன்று உண்டு. அந்த ஒழுங்கையால் தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். நாங்கள் நின்ற அரைமணி நேரத்துக்குள்ளேயே இரண்டு சிறுமிகள் வெயிலுக்கு ஒதுங்கி, சரிந்த மதிலின் நிழலோடு ஒட்டி நடந்து போனார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை ஆண்டவர் சொன்னது உங்களுக்குத் தெரியும். எருசலேமிலிருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்றார். கேட்டு நின்றவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். மதில் விழும்போது, கட்டினவன் யார், காசு கொடாதவன் யார் என்று பார்த்து விழுவதில்லை.

அன்று மாலை இருவரையும் அறைவீட்டுக்கு அழைத்தேன். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சிறுமிகளைப் பற்றி மாத்திரம் சொன்னேன். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு மேசன், "என்ரை பிள்ளையும் அந்த ஒழுங்கையாலைதான் போறவள்" என்றார். தான் கட்டிய மதில் தன் பிள்ளையின் வழியிலேயே நிற்கிறதென்பது அதுவரை அவருக்குத் தோன்றவில்லை போலும்!

ஒழுங்கைப் பக்கத்து மதிலை மறுநாளே இடித்தார்கள். வீட்டுக்காரர் நல்ல மண்ணும் சீமெந்தும் வாங்கினார். மேசன் கூலியில்லாமல் கட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். நிலுவையாக இருந்த பழைய கூலியைப் பற்றிக் கொஞ்சம் இழுபறி நடந்தது. கூலியாளின் கூலியைப் பொழுதுபடுமுன் கொடுத்துவிட வேண்டுமென்று இணைச்சட்ட நூல் சொல்வதை நான் நினைவூட்ட வேண்டியிருந்தது. அன்று ஆறு மணிக்குச் சற்று முன்னர் பணம் கை மாறியது. முழுச் சந்தோஷத்தோடு கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன்.

பூவரசின் அடிக்கட்டையைக் கிண்டி எடுக்க ஒன்றரை நாள் சென்றது. அத்திவாரம் இப்போது கல்லில் இருக்கிறது. பத்தடிக்கு ஒரு தூண் நிற்கிறது. வீட்டுக்கார அம்மாவும் முதல் நன்மை வாங்கிய அந்த மகளும் ஒரு கிழமையாக வாளியில் தண்ணீர் அள்ளி மதிலை நனைத்தார்கள். அந்த அம்மாவின் வேண்டுகோளின்படி, வேலிக் காலத்தில் அயலவர் வந்து போன பொட்டு இருந்த இடத்தில் ஒரு சின்னப் படலையும் வைத்திருக்கிறார்கள்.

பூச்சு இன்னும் பூசவில்லை. மாரி ஒன்றைக் கண்ட பிறகு பூசலாம் என்று ஐயா சொல்லியிருக்கிறார்.