ஒரு நாயின் பொருட்டு

2025 ஆகஸ்டில் ஒரு தெருநாயின் அறுவைச் சிகிச்சைக்காக 41,350 ரூபாய் வசூல் செய்தேன். இரக்கம் பற்றி எழுத எனக்கு உத்தேசமில்லை; அது பற்றி நம்மிடம் வேண்டிய மட்டும் எழுத்து இருக்கிறது. கொடுப்பது பற்றியும் நம் மரபும் சரி, மேற்கத்திய அறவியலும் சரி, நுட்பமாகவே விசாரித்திருக்கின்றன. பிறருக்காகக் கேட்பது என்ற காரியம் அந்த அளவுக்குச் சோதிக்கப்படவில்லை என்பது என் எண்ணம். கேட்டவன் என்ற முறையில் எனக்கு நேர்ந்த சங்கடங்களை மட்டும் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கோவில்பட்டியில், எட்டயபுரம் சாலையில், ஒரு வேன் அடித்துவிட்டுப் போன செவலைப் பெட்டை அது. கருத்தடை செய்ததற்கு அடையாளமாக ஒரு காதில் வெட்டு உண்டு. பெயர் கிடையாது. அரசுக் கால்நடை மருத்துவமனையில் வலிக்கு ஊசி போட்டு, பின்னங்காலின் தொடையெலும்பு முறிந்திருக்கிறது, கட்டுப் போட்டுப் பிரயோஜனமில்லை என்றார்கள். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் இரண்டையும் அசையாமல் நிறுத்தினால்தான் கட்டு பயன்படும். நாயின் இடுப்பு மூட்டை அப்படி நிறுத்த முடியாது. சதையைத் திறந்து எலும்பில் உலோகத் தகடு வைத்துத் திருகாணி முடுக்க வேண்டும். ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனேன். தனியார் மருத்துவர் ஒருவர் எல்லாமாக 38,000 ரூபாய் ஆகும் என்றார். வங்கிக் கிளார்க் ஒருவனால் கொடுக்கவே முடியாத தொகை என்று சொல்ல மாட்டேன். கொடுக்க விரும்பாத தொகை. இந்த வித்தியாசத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

அன்றிரவு வாட்ஸப்பில் நான் அனுப்பிய வேண்டுகோள் மூன்று வாக்கியம். செவலை நாய் ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது, தொடையெலும்பு முறிந்திருக்கிறது, 38,000 ரூபாய் தேவை. மறுநாள் மாலைவரை 700 ரூபாய் வந்தது. கவிதையில் மிகைச்சொல்லை நீக்குவது பற்றிப் பத்து வருஷமாகப் பிறருக்கு உபதேசம் செய்து வருகிறவன் நான். என் சிக்கனமான வாக்கியங்களின் பெறுமானம் 700 ரூபாய் என்று தெரிந்ததும் வேறு மாதிரி எழுதினேன். எங்கள் கிளையின் இரவுக் காவலாளி என்றேன். சோறு போட்ட கையை மறக்காத ஜீவன் என்றேன். கண்கள் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் சேர்த்தேன். நான்கு நாளில் தொகை சேர்ந்துவிட்டது.

அந்த நாய் எதையும் காவல் காத்ததில்லை. ஏடிஎம் அறைக் கதவின் இடுக்கில் வருகிற குளிர்காற்றுக்காக அங்கே படுத்திருக்கும். யார் வந்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். நான் அதற்குச் சோறு போட்டதும் இல்லை.

நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதாதவர்கள் நம்மில் குறைவு. யோசித்தால் விபரீதமான வாக்கியம். பசு பால் தரும், காளை உழும், நாய் நன்றி தரும். ஒரு பிராணி உயிரோடிருப்பதை நியாயப்படுத்த ஏதாவது ஒரு விளைபொருள் வேண்டியிருக்கிறது. எலும்பு முறிந்த வலி நன்றியுள்ள நாய்க்கும் நன்றி கெட்ட நாய்க்கும் ஒன்றுதான். வலியை மட்டும் சொல்லிக் கேட்டபோது கிடைத்தது 700 ரூபாய். மீதி 40,650 ரூபாய் நான் கற்பித்த குணத்துக்காக வந்தது. காண்ட்கூடத் தம் அறவியல் விரிவுரைகளில் நாயைப் பற்றிப் பேசும்போது, நெடுநாள் விசுவாசமாக உழைத்து இயலாமற்போன நாயைத்தான் உதாரணமாக்குகிறார். அதைச் சுட்டுக் கொல்கிறவன் நாய்க்கான கடமையில் தவறவில்லை, தன்னுள் இருக்கும் மனிதத்தன்மையைக் கெடுத்துக்கொள்கிறான் என்பது அவர் வாதம். உழைக்காத நாய்க்கு அவருடைய உதாரணத்துக்குள்ளும் இடமில்லை.

அந்த ஆகஸ்ட் நாய்களுக்காகக் கையேந்த உகந்த மாதமாக இல்லை. 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. 22ஆம் தேதி அதைத் திருத்தி, வெறிநோயுள்ளவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. இங்கேயும் இரண்டு கட்சி. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், மகனை நாய் கடித்து ஊசிக்கு அலைந்தவர், ஒரு பைசா தர மாட்டேன் என்று நேராகவே சொன்னார். வந்த பதில்களில் அவருடையதுதான் நேர்மையானது என்று இப்போது தோன்றுகிறது. நான் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. படத்தை இன்னொரு தடவை அனுப்பினேன்.

தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் 1968இல் ஒரு கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஓர் ஆறு வயதுச் சிறுமியின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டிக்க அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று செய்தி வந்தால் தபாலாபீசில் சில்லறை வந்து குவியும். வரி இல்லாவிட்டால் மருத்துவமனைகள் சீர்கெட்டு மரணங்கள் சிறிது கூடும் என்று செய்தி வந்தால் யாரும் கண்ணீர் விட மாட்டார்கள். முகத்துக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள பேதம் அது. பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் முகமுள்ளவர்களுக்குள்ளேயே ஒரு பேதம் இருக்கிறது.

வசூல் முடிந்த பிறகு மருத்துவர் இரண்டாவது யோசனை ஒன்று சொன்னார். தகடு வைத்தால் ஆறிலிருந்து எட்டு வாரம் ஓடாமல் குதிக்காமல் அடைத்து வைக்க வேண்டும். காலையே எடுத்துவிட்டால் சில நாளில் எழுந்து நடக்கும். மூன்று காலில் நாய்கள் சௌகரியமாகவே வாழ்கின்றன. செலவும் பாதிக்குக் குறைவு. உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். வாடகை வீடு என்றேன். அது உண்மை; முழு உண்மையும் அதுவல்ல. காலை எடுத்தார்கள். 14,500 ரூபாய் ஆயிற்று. வண்டிக்கும் எக்ஸ்ரேக்கும் 5,200.

செய்தி தெரிந்ததும் கொடுத்தவர்களிடையே கொதிப்பு. காலை வெட்டவா பணம் கொடுத்தோம் என்றார்கள். மூன்று பேர் 3,000 ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர்களைப் பரிகசிக்க எனக்கு யோக்யதை இல்லை. நான்கு காலில் ஓடும் நாய் என்ற படிமத்தை விற்றவன் நான்தான். நாய்க்குத் தன் காலைப் பற்றி அப்படி ஒரு படிமம் இருப்பதாகத் தெரியவில்லை. மூன்று வாரத்தில் ஏடிஎம் வாசலுக்குத் திரும்பிவிட்டது.

கையில் மிஞ்சியது 18,650 ரூபாய்.

எங்கள் கிளையில் பதினொரு வருஷமாகத் தற்காலிகமாகப் பெருக்கிவருகிற ஒரு அம்மா இருக்கிறார். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் சொல்லி ஒரு வருஷமாகிறது. அங்கே அறுவைக்குச் செலவில்லை. அதன் பிறகு ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்கிறார்கள். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது. ஆகவே தள்ளிப்போடுகிறார். கிளையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாய்க்கு 100 ரூபாய் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அவருக்காக நான் ஏன் யாரிடமும் கேட்டதில்லை? அவருடைய கௌரவத்தை நினைத்துத்தான் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். நாய்க்குக் கூச்சம் கிடையாது. நாளைக்கு எதிரில் வந்து நின்றால் கொடுத்தவனுக்கும் கூசாது. அந்த அம்மாவுக்குக் கொடுத்தால் தினமும் காலையில் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவர் சிரித்தாலும் சங்கடம், சிரிக்காவிட்டாலும் சங்கடம். அவர் கௌரவத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்ததில் பாதிக்கு மேல் எங்கள் காலைவேளைகளைக் காப்பாற்றிக்கொள்ளும் காரியம்.

பணத்துக்கு முகம் கிடையாது என்பது என் தொழிலின் அடிப்படை. கவுண்டரில் ஒருவர் கட்டுகிற நோட்டு அடுத்தவர் கைக்குப் போகிறது. அது யாருடைய நோட்டு என்று கேட்பது பைத்தியக்காரத்தனம். அந்தத் தைரியத்தில், மிச்சத்தை இவருக்குக் கொடுக்கலாமா என்று கொடுத்தவர்களைக் கேட்டேன். சிலர் உங்கள் இஷ்டம் என்றார்கள். நாய்க்கென்று வாங்கியது நாய்க்கே என்றார் ஒருவர். பலர் பதில் போடவில்லை. பிறகு அந்த அம்மாவிடமே சொன்னேன்.

“நாய்த் துட்டு எனக்கு எதுக்கு சார்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போகிறவர் திரும்பி, “எனக்கும் போட்டோ புடிச்சுப் போடுவீகளோ?” என்று கேட்டார்.

மகாபாரதத்தின் மகாப்ரஸ்தானிக பர்வத்தை அந்த வாரம் திரும்பப் படித்தேன். நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்கிற தர்மபுத்திரனைத்தான் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். அதற்குச் சற்று முன்னால் திரௌபதியும் தம்பிகளும் ஒவ்வொருவராக விழுகிறார்கள். பீமன் காரணம் கேட்க, அவன் திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போகிறான்: இவளுக்கு அர்ஜுனன் மேல் பட்சபாதம், இவனுக்கு அறிவுச் செருக்கு, இவனுக்கு அழகின் செருக்கு. கடைசியில் பீமனுக்கும் அவனுடைய தீனிதான் காரணமாகிறது. இறந்தபின்தான் அவர்களை விட்டுவந்தேன் என்று இந்திரனிடம் அவன் சொல்லும் சமாதானத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் மனிதர் ஐவருக்கும் கணக்குப் பார்த்தவன் நாயின் கணக்கைப் பார்க்கவில்லை என்பது பிரதியில் இருக்கிறது. அந்த நாயைத் தர்மதேவதையாக மாற்றியது என்னைப் பொறுத்தவரை கவிஞன் செய்த சமரசம். அது நாயாகவே இருந்திருக்கலாம்.

அன்று மாலை அந்த அம்மாவுக்காக ஒரு வேண்டுகோள் எழுத உட்கார்ந்தேன். கூலி, ஆறு வாரம், இவ்வளவு ரூபாய் என்று மூன்று வாக்கியம் எழுதினேன். 700 ரூபாய் ஞாபகம் வந்தது. பதினொரு வருஷமாக ஒரு நாள் தவறாதவர் என்று சேர்த்தேன். கீழே கிடந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை ஒருமுறை எடுத்துக் கொடுத்தவர் என்று சேர்த்தேன், அது நடந்ததுதான். அதற்குமேல் எழுத முடியவில்லை. அழித்துவிட்டேன்.

டிசம்பர் இறுதியில் அந்தப் பணத்துக்கு வட்டி வரவாயிற்று, நூறு ரூபாய்ச் சொச்சம். அதையும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த அம்மா காலையில் வந்து பெருக்குகிறார். ஏடிஎம் வாசலுக்கு வந்ததும் நாய் எழுந்து நொண்டிக்கொண்டு தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்கிறது.