விழித்திருப்பது யார் கடமை?

நள்ளிரவு கடந்த பின்னர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஓயாது கேட்பது செயற்கைச் சுவாசக் கருவியின் ஒலியே. நெடுந்தீவிலிருந்து படகேற்றிக் கொண்டுவரப்பட்ட மூதாட்டியாயினும், முல்லைத்தீவிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்ட இளைஞனாயினும், அவ்வேளையில் அவருயிர் இரண்டை நம்பி நிற்கின்றது. ஒன்று அக்கருவி, மற்றது அதனருகே விழித்திருக்கும் மனிதர். கருவி வந்து சேர்ந்தால் நாடா வெட்டி விழா எடுக்கின்றோம். மனிதரையோ, அவர் இல்லாதபோதுதான் நினைக்கின்றோம்.

வைத்தியர் போதாத நாட்டில், எஞ்சியிருப்பவர் இருவர் பணியை ஒருவராகச் சுமக்கவேண்டுமெனக் கேட்கச் சமுதாயத்துக்கு உரிமை உண்டா? இது நிர்வாகக் கணக்கு மட்டுமன்று, அறத்தின் கேள்வியுமாகும்.

இச்சிகிச்சை முறையின் பிறப்பே இதற்கு ஒரு பாடம் புகட்டுகின்றது. 1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. சுவாசம் தளர்ந்து முதலில் வந்த 31 பேரில் 27 பேர் மாண்டனர். கருவிகளோ சில. பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் வழியைக் காட்டினார். ஏறக்குறைய 1500 மாணவர்கள் இரவும் பகலும் அப்பைகளை அமுக்கினர். மரணம் பெரிதும் குறைந்தது. அவர்கள் முறைவைத்து மாறி மாறி வந்தனர் என்பதே இங்கு கருதத்தக்கது. ஒருவர் களைத்தால் மற்றொருவர் அமர்ந்தார். நோயாளரைக் காத்தது தனியொருவரின் தியாகமன்று, ஒழுங்குபடுத்தப்பட்ட கூட்டுழைப்பே.

பிற்கால ஆராய்ச்சிகளும் இதை எண்ணிப் பார்க்கத் தூண்டுகின்றன. தீவிர சிகிச்சையிற் பயின்ற நிபுணர் நேரடியாகப் பொறுப்பேற்கும் பிரிவுகளில் மரணம் குறைவாயிருந்ததை 2002இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. இரவிலும் நிபுணரை அங்கேயே இருத்துவதால் மேலதிகப் பயன் காணப்படவில்லை என 2013இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வு கூறிற்று. இதைக் கேட்டு, “இரவில் வைத்தியர் எதற்கு?” என எவரேனும் சிக்கனம் பேசலாம். ஆனால் அங்கே பயிற்சி வைத்தியர்கள் இரவெல்லாம் பணியில் இருந்தனர். நிபுணர் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தார். நிரம்பிய நாற்காலிகளை வைத்துச் செய்த ஆய்வை, வெற்று நாற்காலிக்கு நியாயமாக்குதல் தகாது.

இனி, நாட்டை விட்டுச் செல்வோர் கதை. 2022இன் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து இலங்கையிலிருந்து வைத்தியர் பெருந்தொகையாக வெளியேறினர். இலவசக் கல்வியிற் படித்தவர் மக்களுக்குக் கடன்பட்டவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் வியர்வையும், தீவகத்து மீனவரின் உழைப்பும் அக்கல்விக்கு விலையாயின. எனினும், கடன் ஒருபக்கத்தது மட்டுமா? ஊதியத்தின் பெறுமதி கரைய, பணிச்சுமை ஏற, ஓய்வைக் குற்றமெனக் கருதும் அமைப்புக்கும் ஒரு கடன் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், பின்னாளில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கற்றவர் தம் மக்களிடையே தங்கவேண்டும் என்பதும் அவர் நோக்கங்களுள் ஒன்று. வைத்தியரை ஆக்குவது ஒரு பணி, தங்கவைப்பது வேறொரு பணி என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

யாழ்ப்பாணத்தார்க்குத் தியாகம் தூரத்துச் சொல் அன்று. 1987 ஒக்டோபர் 21இலும் 22இலும், இந்திய அமைதிப்படை புகுந்த இவ்வைத்தியசாலையில் வைத்தியர், தாதியர், ஊழியர், நோயாளர் என அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஓடிப்போகாமல் கடமையில் நின்றவர்கள் அவர்கள். அவர்களை வணங்குகின்றோம். ஆனால் அந்த மரணங்களை அளவுகோலாக்கி, இன்றைய இளம் வைத்தியரிடம், “அவர்கள் உயிரையே கொடுத்தார்கள், நீ உறக்கத்தைக் கொடுக்கமாட்டாயா?” எனக் கேட்போமாயின், அது வணக்கமன்று, இறந்தோரைக் காட்டி இருப்போரைச் சுரண்டுதலேயாம். போர்க்காலத்தின் வீரத்தைச் சமாதான காலத்தின் சம்பளப் பட்டியலில் சேர்க்கலாகாது.

உறக்கமற்ற கண் பிழை செய்யும். மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால், அதற்கு விலை கொடுப்பவர் படுக்கையிற் கிடக்கும் ஏழையே. தனியார் வைத்தியசாலைக்குச் செல்ல வசதியுள்ளவர்க்கு வேறு கதவுகள் உண்டு; அவருக்கோ இக்கதவொன்றே உண்டு. ஆகவே வைத்தியரின் ஓய்வும் நோயாளரின் உயிரும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல.

எத்தனை படுக்கைகள் எனக் கேட்கும் நாம், இனி அவற்றுக்கு எத்தனை பயின்ற வைத்தியர், எத்தனை தாதியர், எத்தனை மணி நேரப் பணி எனவும் கேட்போம். பணிமுறைப் பட்டியல் சுவரில் ஒட்டிய வெறும் காகிதமன்று; ஒரு சமுதாயம் தன் ஏழையின் உயிரை எவ்வளவு மதிக்கின்றது என்பது அதில் எழுதப்பட்டிருக்கின்றது. வைத்தியர் விழித்திருப்பது அவர் கடமை. அவர் உறங்குவதற்கு மற்றொருவரை அங்கே இருத்துவது நம் கடமை.