முட்டை ஓய்ந்த பின்

கோழியை வீட்டில் வளர்ப்போர் அதனை நாயைப் போலவோ பூனையைப் போலவோ முற்றிலும் செல்லப்பிராணியாகக் கொள்வதில்லை. மாட்டையும் ஆட்டையும் போல வருவாய்க்குரிய கால்நடையாக மட்டும் கொள்வதும் இல்லை. பெயர் வைத்து அழைக்கப்பட்டு, உள்ளங்கையிலிருந்து தீன் கொத்தி, பிள்ளைகளின் மடியில் கண்ணயரும் ஒரு கோழி, அடுக்களையில் சந்தையிலிருந்து வந்த வேறொரு கோழி குழம்பாகக் கொதிக்கையில் வாசற்படியில் நின்று சோற்றுப் பருக்கைக்குக் காத்திருப்பதில் வீட்டார் எவரும் முரணைக் காண்பதில்லை. கோழி வளர்ப்பின் இன்பமும் கவலையும் இந்த இரட்டை நிலையிலிருந்தே பிறக்கின்றன. ஆனால் அம்முரண் கேள்வியாக உருவெடுத்து வீட்டாரின் முன் வந்து நிற்பது, கோழி முட்டையிடுவதை நிறுத்திய பிறகுதான்.

கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கைக்கு அப்பால், தும்பறைப் பள்ளத்தாக்கில் அமைந்த பல்லேகல இக்கேள்வியை ஆராய்வதற்குப் பொருத்தமான இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டைட்லர் என்னும் தோட்டத்துரையின் கோப்பி, கொக்கோத் தோட்டத்தால் பெயர்பெற்றிருந்த இவ்வூர் இன்று கைத்தொழிற்பேட்டையாலும், 2009 இல் திறக்கப்பட்ட சர்வதேச கிரிக்கெட் மைதானத்தாலும் அறியப்படுகிறது. எனினும் இவற்றைச் சூழ்ந்த வீடுகளைக் கண்டியின் பழைய தோட்டமுறையே இன்னும் ஆள்கிறது. பலாவும் தென்னையும் கமுகும் மேலே நிற்க, அவற்றின் நிழலில் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் வளர, மரங்களில் மிளகுக்கொடி ஏற, கீழே சருகு மெத்தென்று படிந்து கிடக்கும் இத்தோட்டத்தை ஆய்வாளர் கண்டிய வனத்தோட்டம் என்பர். வீட்டைச் சுற்றி மனிதரே அமைத்த சிறு காடு என்று அதனை விளக்கலாம்.

கோழிக்கு இதைவிட உகந்த இருப்பிடம் இல்லை. உலகின் வீட்டுக்கோழிகள் அனைத்துக்கும் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பதும், அதிலும் தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய நிலப்பகுதிகளில் வாழும் கிளையினமே மிக நெருங்கியது என்பதும் 2020 இல் வெளியான மரபணு ஆய்வொன்றால் உறுதிப்பட்டது. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியும் இதில் பங்களித்திருக்கிறது. முற்றத்துக் கோழிகளின் மஞ்சள் நிறக் காலுக்குரிய மரபணு அதனிடமிருந்தே வந்தது என 2008 இல் கண்டறியப்பட்டது. இலங்கையின் தேசியப் பறவையும், சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் பூத்தது போன்ற அழகுடையதுமான இலங்கைக் காட்டுக்கோழி நக்கிள்ஸ் மலைக்காடுகளில் இன்றும் திரிந்தாலும், அது வீட்டுக்கோழியின் மூதாதையன்று, ஒன்றுவிட்ட உறவே. இம்மூன்றும் புதரடியில் சருகைக் கிளறி இரை தேடி, இரவில் கிளையேறித் தங்கும் பறவைகள். எனவே பல்லேகலத் தோட்டமொன்றில் கொக்கோ மரத்தடியில் இருகாலால் சருகை வாரி எறிந்து, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மண்ணை உற்றுநோக்கும் பேட்டுக்கோழி, தன் இனத்தின் பழைய தொழிலையே அங்கு தொடர்கிறது.

அதனைப் பார்த்திருத்தலே கோழி வளர்ப்பின் தலையாய இன்பம் எனலாம். முட்டை அதற்கு அடுத்ததுதான். சேவல் ஒரு புழுவைக் கண்டால் தான் விழுங்காமல் அதனை எடுத்தெடுத்துக் கீழே போட்டு, விட்டுவிட்டுக் கொக்கரித்துப் பேடுகளை அழைக்கும். வானத்தில் கழுகின் நிழல் தென்பட்டால் மெல்லிய நீண்ட சீழ்க்கை போன்றதோர் ஒலியும், தரையில் நாயோ கீரியோ வந்தால் வெட்டிவெட்டி எழும் உரத்த கூச்சலும் எழுப்பும். இவ்விரு ஒலிகளையும் பேடுகள் பிரித்தறிந்து முன்னதற்குப் பதுங்குவதையும் பின்னதற்கு நிமிர்ந்து நோக்குவதையும் விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியுள்ளனர். கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்னும் மேல்கீழ் ஒழுங்கு, அதாவது கொத்துவரிசை, 1920களின் தொடக்கத்தில் நோர்வே நாட்டு ஷெல்டெரப்-எப்பே என்பவரால் அறிவுலகுக்கு அறிமுகமானது. சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்து வந்தவர் அவர். 

அடர்ந்த தோட்டம் கோழிக்கு உகந்தது என்றால், கோழியைத் தின்பனவற்றுக்கும் அது அவ்வாறே உகந்தது. கித்துள் பழத்தையும் கோப்பிப் பழத்தையும் தேடி இரவில் கிளைவழியே வரும் மரநாய், கூரைவழியே கோழிக்கூட்டுக்கும் இறங்குகிறது. பகலில் கீரியும், ஓடைக்கரையிலிருந்து ஏறிவரும் கபரகொய்யா என்னும் நீருடும்பும், குஞ்சுகளுக்குக் காகமும் வல்லூறும், முட்டைக்குச் சாரைப்பாம்பும், தீனுக்குக் குரங்கும் என வருவோர் வரிசை நீள்கிறது. இங்கு அனுபவமுடையோர் முதலில் கூறும் அறிவுரை கம்பிவலையைப் பற்றியதே. கடைகளில் கோழிவலை என்றே விற்கப்படும் அறுகோணக் கண்ணுடைய மெல்லிய வலை கோழியை உள்ளே வைக்கப் போதுமானது. பகையை வெளியே வைக்கப் போதாது. வலையோரம் ஒட்டி உறங்கும் கோழியின் கழுத்தைக் கண்வழியே பற்றி இழுக்க மரநாய்க்கு இயலும். காலையில் கதவும் பூட்டும் குலையாமல் இருக்க, உள்ளே தலையற்ற உடல் கிடப்பதைக் கண்டு வீட்டார் திகைப்பது இதனால்தான். அரை அங்குலக் கண்ணுடைய, பற்றவைத்த தடித்த வலையை அடித்து, அதனை மண்ணுக்குள்ளும் ஓரடி இறக்கி, நிற்கும் குச்சியை வலையிலிருந்து தள்ளி அமைத்தால் இத்துயரம் பெரிதும் தவிரும். மாலை மங்கியதும் தலைகளை எண்ணிக் கதவைத் தாழிடுவது, உறவினர் வீட்டுத் திருமணத்தில் அமர்ந்திருக்கையிலும் நெஞ்சில் முள்ளாய் உறுத்தும் கடமையாகிவிடுகிறது. கோழி வளர்க்கும் வீட்டார் சேர்ந்து வெளியூர் போவது குறைந்துபோவதை அயலார் கேலி செய்வதுண்டு. அக்கேலியில் நியாயமும் உண்டு.

நோய் இதனினும் நுட்பமான கவலை. இந்திய மலைநகரொன்றின் பெயரால் ரானிக்கெட் என்றும், இங்கிலாந்து நகரின் பெயரால் நியூகாசில் என்றும் வழங்கும் வைரசு நோய், 1920களில் இனங்காணப்பட்ட நாள்முதல் நாட்டுப்புறக் கோழிகளைக் கூட்டங்கூட்டமாய் அழித்து வந்துள்ளது. பச்சைக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கல் எனத் தொடங்கிச் சில நாள்களில் கூடே வெறிச்சோடும். மருந்தில்லாத இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. நாட்டின் கோழி அறிவு முழுவதும் இப்பகுதியிலேயே குவிந்திருக்கிறது என்று சொல்லுமளவுக்கு, கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகமும், பேராதனையில் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும், பல்லேகலவுக்கு அண்மையிலேயே குண்டசாலை கரந்தகொல்லையில் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையமும் அமைந்துள்ளன. ஆயினும் ஆறு கோழி வளர்க்கும் வீட்டுக்கு ஒரு சிறு இடர் எஞ்சுகிறது: தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு உரியது, கரைத்தபின் சில மணி நேரத்துள் அதனைப் பயன்படுத்தியாக வேண்டும். எனவே அயல்வீடுகள் ஒருநாளைக் குறித்து, பனிக்கட்டியில் குப்பியை வைத்து, வேலிக்கு வேலி கொண்டுசென்று கோழியின் கண்ணில் ஒரு சொட்டு விடுவதே நடைமுறைக்கு ஒத்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் அடுத்தடுத்து வாழும் இப்பகுதியில் கோழியின் பொருட்டு வேலிக்கதவு திறப்பது அற்பமான செய்தியன்று.

இப்பறவை கண்டிச் சீமையில் அந்நியர்க்கும் துணையாயிருந்திருக்கிறது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், தொப்பி பின்னியும் பன்றியும் கோழியும் வளர்த்தும் காலங்கழித்ததை 1681 இல் வெளியான தம் நூலில் பதிவு செய்துள்ளார். நெருக்கடி வரும்போது மனிதர் கோழியை நாடுவது அண்மையிலும் காணப்பட்டது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதாலும், அடுத்த ஆண்டின் அந்நியச் செலாவணி முடக்கத்தாலும் சோளமும் தீனும் அரிதாகிப் பண்ணைகள் கோழிகளைக் குறைத்தபோது, முட்டைக்கு அரசு உச்சவிலை விதித்ததும், 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ததும் இலங்கையர் மறந்திருக்கமாட்டார். முற்றத்தில் நான்கு கோழி நின்ற வீட்டார் அந்நாள்களில் கொண்ட நிம்மதிக்கு விலை சொல்ல இயலாது. ஆனால் அந்நான்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ தீனைத் தின்றன என்பதும் கணக்கில் வரவேண்டும்.

இனி, முட்டை ஓய்ந்த கோழிக்கு வருவோம். பேட்டுக்கோழி ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கி, முதல் இரண்டு ஆண்டுகளில் மிகுதியாக இட்டு, பின்னர் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. பண்ணைகளில் அதன் ஆயுள் ஒன்றரை ஆண்டளவில் முடிக்கப்படுகிறது. காப்பும் தீனும் கிடைத்தால் அதே பறவை எட்டு ஆண்டும் வாழவல்லது. அந்த இடைவெளிக் காலம் யாருடைய பொறுப்பு என்பதே கேள்வி. பெயரிட்டு வளர்த்ததை அறுக்க வீட்டாருக்கு மனம் வராது. ஆகவே பழைய கோழி வாங்க வருபவரிடம் அதனைக் கொடுத்துவிட்டு, அது எங்கே போகிறது என்று கேட்காதிருப்பது பரவலான தீர்வாக இருக்கிறது. கத்தி வேறொருவர் கையில் இருப்பதால் தம் கை தூயது என்னும் இவ்வாறுதல் ஆராய்ந்தால் நிற்காது. பௌத்தர் செய்யத்தகாத ஐந்து வணிகங்களை பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தின் வணிஜ்ஜ சூத்திரம் எண்ணும்போது இறைச்சியை மட்டுமன்றி உயிர்களை விற்பதையும் தனியே சேர்க்கிறது. திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரமோ வாங்குவோர் இன்றேல் விற்போர் இலர் என்னும் பொருள்பட, பழியை வாங்குபவர் பக்கம் நகர்த்துகிறது. சந்தையில் இறைச்சி வாங்கி, வாசலில் கிழக்கோழியை விற்கும் வீட்டார் இவ்விரு வழக்குகளிலும் மாறிமாறிப் பிரதிவாதியாகின்றனர். அறுத்து உண்பவரின் நேர்மை, கேளாமல் விற்பவரிடம் இல்லை என்றே கூறவேண்டும். தம் கோழியைத் தாமே அறுத்து, மாரியம்மனுக்கோ முனியாண்டிக்கோ படைத்து, பகிர்ந்துண்ட தோட்டத்து முதியோர் அந்த உயிருக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்தேயிருந்தனர்.

கோழி உண்பதற்கே படைக்கப்பட்டது என்னும் எண்ணமும் எக்காலத்துக்கும் உரியதன்று. ஐரோப்பாவுக்குக் கோழி சென்ற தொடக்க நூற்றாண்டுகளில் அது உண்ணப்படாமல் முதுமை வரை வளர்க்கப்பட்டு, முழு உடலாகப் புதைக்கப்பட்டதை 2022 இல் வெளியான தொல்லியல் ஆய்வுகள் எடுத்துக்காட்டின. தமிழரிடத்தும் முருகன் கொடியில் ஏறிய சேவல், இலையில் ஏறிய சேவலினின்றும் வேறானதாகவே கருதப்பட்டு வந்துள்ளது.

முதிய கோழியை வைத்துக்கொள்வதென முடிவு செய்தாலும் வேலை தீர்வதில்லை. ஊர்க்கோழி முட்டை குறைந்தபின்னும் அடைகாக்கும். பிற கோழியின் முட்டைகளை அதனடியில் வைத்தால் 21 நாளில் பொரித்துக் குஞ்சுகளையும் நடத்திச் செல்லும். பண்ணைக்கென உருவாக்கப்பட்ட கலப்பினக் கோழியிடமோ அடையுணர்ச்சியே பெரும்பாலும் இல்லை. ஆண்டுக்கு முந்நூறு முட்டையென இட்டுத் தேய்ந்த எலும்பும், முட்டைக்கரு வயிற்றறையில் தேங்குவதால் வரும் அழற்சியும் அதன் முதுமைக்கு உரியவை. வலியில் குன்றி நிற்கும் கோழியை மருத்துவர் கையால் அமைதியாக முடித்துவைப்பது அன்பா, கொலையா என்பதில் பல்லேகலவின் ஒரே ஒழுங்கையில் இரண்டு விடைகள் கிடைக்கக்கூடும், இரண்டையும் மதிக்கலாம்.

இவற்றுள் குஞ்சு வாங்கும் நாளிலேயே தீர்மானிக்கத்தக்கது கோழிகளின் எண்ணிக்கை ஒன்றே. ஆறு கோழிக்கு இடமுள்ள கூட்டில் முதலாண்டு மூன்றை மட்டும் விட்டு, அவை முட்டை குறைக்கும் காலத்தில் இரண்டைச் சேர்த்து, அதன்பின் ஒரு கிழக்கோழி இயல்பாக இறக்கும்வரை புதியது வாங்காதிருந்தால், இடமும் தீனும் பிடியை மீறா. புதிதாய் வருவனவற்றைக் கொத்துவரிசையில் ஏற்கச் செய்வதற்குச் சில வாரம் வலைக்கு அப்பால் வைத்துக் காட்டுவது நலம். இக்கணக்கில் முட்டையே கிடைக்காத மாதங்களும் வரும். அப்போது கோழி வளர்க்கும் வீட்டிலிருந்தே ஒருவர் அருகிலுள்ள திகனச் சந்திக் கடைக்கு முட்டை வாங்கப் போவார்.